பனி இறுகாத காலை

காசிராஜன் பனி அள்ளப் போகிறான் என்று கேள்விப்பட்டபோது அவன் ஊரில் சிரிக்காத ஆள் கிடையாது. குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரன். மழையையே வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் பார்த்து வளர்ந்தவன். அவன் இமயமலைக்குப் போய்ப் பனி அள்ளப் போகிறானாம். ஆனால் பொக்லைன் ஓட்டுகிறவனுக்கு மண் என்ன, பனி என்ன? கண்மாய் தூர்வாரியும் கிணறு தோண்டியும் பழகிய கை. தெரிந்தவர் ஒருவர் மூலமாக, இமாச்சலப் பிரதேசத்தில் ரோடு வேலை எடுத்திருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் புதைந்து கிடக்கும் மலை ரோட்டைப் பிப்ரவரிக் கடைசியில் வெட்டத் தொடங்கி ஏப்ரல் பாதிக்குள் திறந்துவிட வேண்டும். இது அவனுக்கு மூன்றாவது வருஷம்.

அவன் மனைவி சங்கரேஸ்வரிக்குச் சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீஸுக்கு எதிர்ச்சந்தில் இ-சேவை மையத்தில் வேலை. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். முதல் வருஷம் அவளுக்குப் பயப்படவே தெரியவில்லை. போனில் "ரொம்பக் குளிருதா?" என்று மட்டும் கேட்பாள். இரண்டாவது வருஷம் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாமல் நிறுத்தி வைத்திருந்த புல்டோசர் ஒன்றை மலையிலிருந்து சரிந்த பனி அப்படியே வாரிக்கொண்டு போய் ஆற்றுக்குள் தள்ளிவிட்டது என்று காசிராஜன் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இருபது டன் இரும்பை வாரிக்கொண்டு போகிற ஒன்று, அவள் நினைத்த மாதிரி பஞ்சு போல உதிர்கிற சமாச்சாரம் இல்லை.

பயம் வந்தபின் அவள் சும்மா இருக்கவில்லை. மலை மாவட்டங்களுக்குத் தினமும் பனிச்சரிவு எச்சரிக்கை ஒன்று வெளியாகிறது என்று இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். வரைபடத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் போட்டிருக்கும். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி இருக்கும். புரியாத வார்த்தைகளைக் காசிராஜனிடமே கேட்டாள். அவனும் தான் பார்த்ததை வைத்துச் சொல்லிக் கொடுத்தான். ராத்திரி நல்ல குளிர் விழுந்தால் பனி இறுகி, காலையில் சிமெண்ட் மாதிரி நிற்கும். அப்போது வேலை செய்யலாம். வெயில் ஏற ஏற உள்ளே தண்ணீர் ஊறி இளகும். பதினோரு மணிக்கு மேல் அந்த ரோட்டில் ஒருத்தன் நிற்கக்கூடாது. மார்ச் மாதத்தில் புதுப்பனி விழுந்தால் இன்னும் மோசம். அடியில் வெயில் பட்டு உருகி இறுகிய பழைய பனி கண்ணாடி மாதிரி வழவழவென்று கிடக்கும். அதன்மேல் புதுசு ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். காற்று அதை முகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அள்ளி இந்தப் பக்கம் கொட்டிக்கொண்டே இருக்கும்.

"மேல எவ்வளவு ஏறிருக்குன்னு கீழ நிக்கவனுக்குத் தெரியாது பாத்துக்கோ. அதாம் பெரிய தொல்ல" என்பான்.

அதனால் இருவருக்கும் ஒரு பேச்சு இருந்தது. தினமும் பதினொன்றரைக்குள் அவன் முகாமுக்குத் திரும்பி போன் போட்டுவிட வேண்டும். அந்தப் போன் வந்த பிறகுதான் அவள் டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

இந்த வருஷம் முகாமில் இன்னொரு சங்கரன்கோவில்காரனும் இருந்தான். அவன் பெயர் ரிபாயி. கல்யாண வீடுகளில் பிரியாணி மாஸ்டராக இருந்தவன். வடநாட்டுச் சாப்பாடு யாருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று காசிராஜன்தான் அவனைச் சமையலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் மனைவி ஜஸீமா, சங்கரேஸ்வரி வேலை பார்க்கும் அதே இ-சேவை மையத்தில் பக்கத்து நாற்காலியில் போட்டோ எடுப்பதும் ஆவணம் ஸ்கேன் செய்வதுமாக இருப்பவள். நாலு வருஷமாக இருவரும் ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள்.

அந்த மார்ச் மாதம் ரம்ஜான் நோன்பு நேரம். திங்கட்கிழமை மலையில் புயல் அடித்து மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. முகாமில் இணையம் போய்விட்டது. பேசுவதற்கு மட்டும், அதுவும் சமையல் கொட்டகைக்கு வெளியே ஒரு மூலையில் நின்றால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். புதன்கிழமை சாயங்காலம் காசிராஜன் பேசினான்.

"பனி விட்டுட்டு. நாளைக்குப் பதினேழாவது வளைவ வெட்டிட்டோம்னா பாதிக் கவல தீந்துரும். கம்பெனில போட்டு அவசரப்படுத்துதான்."

"மேல எவ்வளவு கெடக்கு?"

"ஒண்ணும் தெரியல ஏட்டி. மலை பூரா மூடாப்பு. பத்தடிக்கு அங்கிட்டு ஆளு தெரிய மாட்டேங்கு."

"வரைபடத்துல ஆரஞ்சு போட்டுருக்கான். ரெண்டு நாள் கழிச்சுப் போனா என்ன?"

"காலையில இறுகித்தான் கெடக்கும். அஞ்சரைக்குப் போனா பத்துக்குள்ள வந்துருவோம். நீ சும்மா கெட."

மூன்று வருஷம் மலையைப் பார்த்தவன் சொல்கிறான். இங்கே உட்கார்ந்து வரைபடம் பார்க்கிறவள் என்ன சொல்ல முடியும் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் மகள் லட்சுமிப்ரியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னி முடித்துவிட்டு, மறுபக்கம் எடுப்பதற்கு முன் செல்போனைப் பார்த்தாள். தினமும் பார்ப்பதுதான். வரைபடத்தில் அவர்கள் இருந்த பள்ளத்தாக்கு சிவப்பாக இருந்தது.

கீழே இருந்த நாலு வரியை இரண்டு தடவை படித்தாள். முகட்டில் மூன்று நாளில் நாலடிக்கு மேல் புதுப்பனி. பலத்த காற்றால் தெற்குச் சரிவுகளில் மேலும் குவிந்திருக்கிறது. ராத்திரி மேகமூட்டத்தால் வெப்பநிலை குறையவில்லை. அவள் பதறிப்போய் மேலே உள்ள வானிலை நிலையத்தின் கணக்கைத் திறந்தாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இரண்டு டிகிரி. நாலு மணிக்கும் அதே இரண்டு. பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

பனி இறுகவில்லை. பத்து மணி வரை பொறுக்கும் என்று அவன் போட்ட கணக்கு அன்றைக்குச் செல்லாது. அவனுக்கும் அது காலடியிலேயே தெரிந்திருக்கும். ஆனால் தலைக்கு மேலே நாலடி ஏறி நிற்பது தெரியாது. முகாமில் இணையம் இல்லை. முகட்டை மறைத்துக்கொண்டு மூடாப்பு.

காசிராஜனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால். இன்னொரு தடவை அடித்தாள். பிறகு ரிபாயிக்கு அடித்தாள். நாலாவது மணியில் எடுத்தான்.

"ரிபாயி அண்ணே, சங்கரேஸ்வரி பேசுதேன். அவிய எங்க?"

"அஞ்சரைக்கே போயாச்சே தங்கச்சி. எட்டுப் பேரு போயிருக்காவ. என்ன விசயம்?"

"சிவப்பு போட்டுருக்கு அண்ணே. மேல ரொம்ப ஏறிருக்காம். ராத்திரி இறுகவே இல்ல. எந்த நேரமும் சரியுமாம். அவியள உடனே திரும்பி வரச் சொல்லுங்க. வாக்கி டாக்கி இருக்குல்லா?"

"இருங்க." அவன் யாரையோ இந்தியில் கூப்பிட்டுக் கேட்பதும், பிறகு இரைச்சலும் கேட்டன. ஒரு நிமிஷம் கழித்து வந்தான். "கெடைக்க மாட்டேங்கு தங்கச்சி. அந்த வளைவுக்கு அங்கிட்டுப் போயிட்டா மலை மறைச்சிரும். இஞ்சினியரும் கீழ டவுனுக்குப் போயிட்டாரு."

"யாரையாவது அனுப்ப முடியாதா?"

"இங்கன நானும் ரெண்டு ஹெல்ப்பரும்தான் இருக்கோம். அவனுவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது." கொஞ்சம் நிறுத்தினான். "ஜீப்பு நிக்கி. ஒம்பது கிலோமீட்டருதான. நானே போய்ச் சொல்லிட்டு வந்துருதேன்."

அப்போது ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியைச் சங்கரேஸ்வரி பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். எந்த ரோட்டில் நிற்காதே என்று புருஷனுக்குச் சொல்லச் சொன்னாளோ, அதே ரோட்டில்தான் ரிபாயி போக வேண்டும். அது அவளுக்குத் தெரியும். தெரியாமல் இல்லை.

"சீக்கிரம் போங்க அண்ணே" என்றாள்.

மகளுக்கு மறுபக்கத்துப் பின்னலை எப்படிப் பின்னினாள், பள்ளிக்கூட ஆட்டோவில் எப்படி ஏற்றிவிட்டாள் என்பதெல்லாம் ஞாபகம் இல்லை. எட்டு மணிக்கு ரிபாயிக்கு அடித்தாள், கிடைக்கவில்லை. எட்டரைக்கு அடித்தாள். ஒன்பதுக்கு அடித்தாள். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. இதற்குள் வந்திருக்க வேண்டும். வளைவில் வண்டியைத் திருப்ப நேரம் பிடித்திருக்கும். சிக்னல் போயிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகக் காரணம் தேடிக்கொண்டே ஒன்பதரைக்கு மையத்தைத் திறந்தாள்.

ஜஸீமா பத்து மணிக்கு வந்தாள். நோன்பு வைத்து முகம் வாடியிருந்தது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே உட்கார்ந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ராத்திரி தூங்கலயா?"

"தலவலி" என்றாள் சங்கரேஸ்வரி.

சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. ஆனால் என்ன நடந்தது என்றே தெரியாமல், நோன்பு வைத்திருக்கிறவளை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று நினைத்தாள். பதினொன்றரைக்குப் போன் வந்துவிடும், வந்தபின் சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. உன் புருஷனை நான்தான் அனுப்பினேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பனவடலிசத்திரத்திலிருந்து ஒருவர் மகளுக்கு முதல் பட்டதாரி சான்று கேட்டு வந்திருந்தார். சங்கரேஸ்வரி தட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏ தாயி, தகப்பனார் பேரு மகாராஜா. நீங்க காசிராஜன்னு போட்டுருக்கிய."

அவள் அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள். பக்கத்தில் ஜஸீமா ஒரு பையனை நிமிர்ந்து உட்காரச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். பெருநாளைக்குப் புருஷன் வர முடியாது, ஆனாலும் அவன் எடுக்கச் சொன்னான் என்று பிள்ளைக்கு எடுத்திருந்த சட்டையின் நிறத்தைப் பற்றி இடையிடையே பேசினாள். சங்கரேஸ்வரி ம் கொட்டினாள். தொண்டை காய்ந்தது. தண்ணீர் பாட்டில் மேஜைமேல் இருந்தது. அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பதினொன்றரை ஆனது. பதினொன்றே முக்கால் ஆனது. போன் வரவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது செல்போனில் செய்தி ஒன்று வந்து விழுந்தது. இமாச்சலத்தில் பனிச்சரிவு, ரோட்டுப் பணியாளர்கள் சிக்கினர், மீட்புப் பணி தீவிரம். அவ்வளவுதான். எத்தனை பேர், யார், எந்த வளைவு என்று ஒன்றும் இல்லை. எழுந்து பின்பக்கம் போய், பேப்பர் கட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டுப்பாட்டு அறை எண் என்று ஒன்றைத் தேடி அடித்தாள். சின்ன வயதில் பரீட்சைக்குப் படித்த இந்தியில் புருஷன் பெயரைச் சொன்னாள். எதிர்ப்பக்கம் ஒருவர் பெயர்ப் பட்டியல் இன்னும் வரவில்லை என்றார். ரிபாயி பெயரையும் சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு இருபதுக்குக் காசிராஜன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பச்சைப் பொத்தானைத் தள்ள மூன்று தடவை விரல் வழுக்கியது.

"ஏட்டி, நான் நல்லாருக்கேன்" என்றான். மூச்சு வாங்கியது. "எட்டுப் பேரும் நல்லாருக்கோம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அதோடேயே கேட்டாள்.

"ரிபாயி அண்ணன்?"





"அவன் வந்து சொன்னான் ஏட்டி. மிஷின அங்கனயே போட்டுட்டு எல்லாவனும் பாறைக்கு அங்கிட்டு ஓடிட்டோம். அவன் ஜீப்பத் திருப்பிட்டு வாரேன்னு நின்னான். வண்டிய விட்டுட்டு வாலேன்னு கத்துனேன். கேக்கல. மேல குண்டு போட்ட மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்... ஜீப்பக் காணல. ராணுவக்காரனுவ வந்துட்டானுவ. தேடுதோம். இம்புட்டு நேரமும் விட்டுட்டு வர மனசு வரல, இப்பத்தான் சிக்னலுக்காக ஓடி வந்தேன், திரும்பப் போறேன். அந்தப் பிள்ளகிட்ட நீயே சொல்லிரு. டிவியப் பாத்துத் தெரிஞ்சிரக் கூடாது."

போன் அணைந்துவிட்டது.

சங்கரேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். காத்திருந்த நாலு பேரிடமும் சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள். ஜஸீமா ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். காலையில் சிவப்பைப் பார்த்தது, தானே போன் போட்டது, அவன் நானே போகிறேன் என்றது, தான் சீக்கிரம் போங்க என்றது, வண்டியைத் திருப்ப நின்றது, ஜீப்பைக் காணாதது.

ஜஸீமா அழவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வியைச் சங்கரேஸ்வரி எதிர்பார்க்கவே இல்லை.

"காலையில எத்தன மணிக்குப் பேசுனிய?"

"ஏழு இருக்கும்."

"நான் பத்து மணிக்கு வந்தேன். இம்புட்டு நேரமும் எம் பக்கத்துலயே உக்காந்திருந்திய."

"ஜஸீமா..."

"நான் சட்டக் கலரு சொல்லிக்கிட்டு இருந்தேன். நீங்க கேட்டுக்கிட்டு இருந்திய."

சங்கரேஸ்வரி அவள் கையைப் பிடித்தாள். ஜஸீமா கையை உருவிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து வெயிலுக்குள் இறங்கி நடந்தாள். சங்கரேஸ்வரி பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். தேர் வீதி முனையில் எட்டிப் பிடித்தாலும் பக்கத்தில் போகவில்லை. பத்தடி விட்டுப் பின்னாலேயே போனாள். வேண்டாம் என்றும் ஜஸீமா சொல்லவில்லை.

வீட்டில் ரிபாயியின் தாய் அலிமா பீவி குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தாள். மருமகள் விஷயத்தைச் சொன்னதும் மூடி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். வாசலில் நிறையச் செருப்பு. சங்கரேஸ்வரி உள்ளே போகத் தயங்கி நடைக் கதவோரம் நின்றாள். யாரோ ஒருத்தி நாற்காலி எடுத்துப் போட்டாள், அவள் உட்காரவில்லை.

அலிமா பீவி அவளைப் பார்த்துவிட்டாள்.

"காசிராஜன் பொண்டாட்டிதான? உள்ள வா மக்கா. ஏன் அங்கனயே நிக்க?"

"நான்தான்மா போன் போட்டு அண்ணன அனுப்புனேன்."

அந்த அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அலிமா பீவி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். கோபமா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"பனிக்குள்ள எவ்வளவு நேரம் மூச்சு இருக்கும்?" என்று கேட்டாள்.

சங்கரேஸ்வரிக்கு அந்தப் பதில் தெரியும். படித்திருக்கிறாள். வெறும் ஆளாகப் புதைந்தால் கால் மணி நேரம் தாண்டுவதே கஷ்டம். அதைச் சொல்லவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை.

"வண்டிக்குள்ள இருந்தா ரொம்ப நேரம் இருக்கலாம்மா. கண்ணாடி உடையாம இருந்தா, உள்ள காத்து இருக்கும். மணிக்கணக்குல இருந்து பொழச்சவிய உண்டு."

"அவன் வண்டிக்குள்ள இருந்தானா?"

"தெரியலம்மா."

ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. வெளியே தார் ரோட்டில் கானல் ஓடியது. உள்ளே மின்விசிறி அனல்காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜஸீமா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அடுத்த அறையில் இருந்தாள். சங்கரேஸ்வரி இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் போனைக் காதில் வைக்கும்போது அந்த வீடு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தேடுகிறார்கள். மறுபடி சிறு சரிவு வந்ததால் ஆட்களைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தியிருக்கிறார்கள். மறுபடி தேடுகிறார்கள். அவள் கேட்டதை ஒவ்வொன்றாக, உடனுக்குடன், சத்தமாக எல்லோருக்கும் சொன்னாள். நல்லதோ கெட்டதோ, இனிமேல் தன் வாயில் எதையும் அடக்கி வைத்துக்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

மறு சரிவு என்று கேட்டபோது அவளுக்குத் தன் புருஷன் நினைவுதான் வந்தது. காசிராஜனும் அங்கேதான் நிற்கிறான். அதை நினைக்க அந்த வீட்டில் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஆனாலும் நினைத்தாள்.

மூன்றரை மணிக்கு அவள் போன் அடித்தது. காசிராஜன்.

"உசிரோட இருக்கான்" என்று கத்தினான். காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "எடுத்து முகாமுக்குக் கொண்டாந்துட்டோம் ஏட்டி. உசிரோட இருக்கான்."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்படியே ஜஸீமாவிடம் ஓடினாள். பின்னர் அவன் விவரமாகச் சொன்னது இதுதான். ராணுவத்தார் ரோட்டை ஒட்டியே தேடிக்கொண்டிருந்தார்கள். பனி வண்டியைச் சரிவில் கீழே உருட்டியிருக்கும், முப்பதடி தள்ளிப் பாருங்கள் என்று காசிராஜன் மல்லுக்கு நின்றிருக்கிறான். கடைசியில் நீளக் கம்பிகளை அடிக்கு ஒன்றாகக் குத்திக்கொண்டே இறங்கினார்கள். ஒரு கம்பி இரும்பில் தட்டியது. பொக்லைன் போட்டால் நசுங்கிவிடும் என்று மண்வெட்டியாலேயே எட்டடி தோண்டினார்கள். ஜீப் ஒருக்களித்துக் கிடந்தது. ரிபாயி ஸ்டீயரிங்குக்குக் கீழே சுருண்டிருந்தான். ஆறு மணி நேரத்துக்கு மேல் உள்ளே கிடந்திருக்கிறான். தோள் எலும்பு முறிந்திருந்தது. ஷூ கழன்றுபோன இடது காலில் விரல்கள் கறுத்திருந்தன.

அந்தப் பக்கம் யாரோ போனை ரிபாயியின் வாயருகே பிடித்தார்கள். முனகல்தான் முதலில் கேட்டது. அப்புறம், "ஜஸீ" என்றான்.

அப்போதுதான் ஜஸீமா அழுதாள்.

"தண்ணி குடுத்தாவளா? நோன்பத் தொறங்க. ஒடனே தொறங்க" என்றாள். அதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அலிமா பீவி எழுந்து வந்து சங்கரேஸ்வரியின் தலையில் கையை வைத்தாள். ஜஸீமா அவள் பக்கம் திரும்பவில்லை.

பெருநாள் முடிந்து ஒரு வாரம் கழித்து ஜஸீமா வேலைக்கு வந்தாள். நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கச் சுவரோரம், பிரிண்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஸ்கேன் செய்ததை நேரே கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுவாள். வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை கிடையாது. சங்கரேஸ்வரியும் வற்புறுத்தவில்லை. மத்தியானம் இரண்டு டிபன் பாக்ஸும் இரண்டு மூலைகளில் திறந்தன.

ஏப்ரல் மூன்றாவது வாரம் காசிராஜன் ரிபாயியைக் கூட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். ரிபாயிக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். தோளில் கட்டு. மறுநாள் சங்கரேஸ்வரி காசிராஜனோடு அவனைப் பார்க்கப் போனாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது அவன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"அண்ணே, என்னால..." என்று ஆரம்பித்தாள்.

"உக்காருங்க தங்கச்சி. நீங்க சொன்னதுக்காவ நான் போகல." அவன் கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்தான். "அங்கன எட்டுப் பேரு நிக்கானுவ. காலையில நான் போட்ட டீயக் குடிச்சிட்டுப் போனவனுவ. தெரிஞ்ச பொறவு நான் எப்படி அடுப்பப் பத்த வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேன்? போன் போடாம இருந்திருந்தியன்னாத்தான் நான் ஒங்களத் திட்டியிருப்பேன்."

காசிராஜன் தலைகுனிந்தபடி இருந்தான். "வண்டிய விட்டுட்டு வாலேன்னு சொன்னேன்ல" என்றான் மெதுவாக.

"கம்பெனி வண்டி அண்ணாச்சி. எப்படி விட்டுட்டு வர?"

"போலே கிறுக்கா" என்றான் காசிராஜன். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஜஸீமா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சங்கரேஸ்வரி கிளம்பும்போது வாசல் வரை கூடவே வந்தாள். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு முதல் தடவையாக நேராகப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க போன் போட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல அக்கா. ஒங்க எடத்துல நான் இருந்தாலும் போட்டிருப்பேன். போங்கன்னு சொல்லியிருப்பேன். ஆனா அந்த ரெண்டு மணி நேரம்... நான் அல்லாட்ட துவா கேட்டிருப்பேன்லா. அவிய உள்ள கெடக்கும்போது நான் ஒண்ணும் தெரியாமச் சிரிச்சிக்கிட்டு இருந்தேன். அதத்தான் என்னால தாங்க முடியல."

"சொல்லப் பயந்துட்டேன் ஜஸீமா. ஒனக்காவ இல்ல, எனக்காவத்தான் பயந்தேன்."

ஜஸீமா தலையாட்டினாள். அந்தப் பதிலை அவள் ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை மையத்தில் கூட்டம் குறைவு. மத்தியானம் ஜஸீமா எழுந்து வந்து சங்கரேஸ்வரியின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அடுத்த வருசமும் போவேங்காவ. கால் ஆறட்டும், பொறவு பாப்போம்னு சொல்லிருக்கேன். போனாலும் போவாவ, சொல்ல முடியாது." கொஞ்சம் தயங்கினாள். "அந்தக் கலரு போட்ட படத்த எங்க பாக்கணும்? எனக்கும் காட்டுங்க."

சங்கரேஸ்வரி பக்கத்தைத் திறந்தாள். பள்ளத்தாக்கு மஞ்சளாக இருந்தது. ஜஸீமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கீழே இருந்த நாலு வரியை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.